சிட்ரேட் சோதனை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

சிட்ரிக் அமிலத்தைக் கொண்டு நோய்த்தொற்றுப் பாக்டீரியாக்களை வகைப்படுத்துவது பற்றிய தங்கள் அறிவியல் பக்கக் கட்டுரை, அமிலம் கிருமியைக் கொல்வதையும் கிருமி சிட்ரேட்டை (அந்த அமிலத்தின் உப்பை) உண்பதையும் ஒன்றாக்கிவிட்டது. சிட்ரேட் சோதனை கேட்பது இரண்டாவதை மட்டுமே. சிட்ரேட்டைத் தவிர வேறு கார்பன் உணவு இல்லாத சிம்மன்ஸ் ஊடகத்தில் (பாக்டீரியா வளர்க்கும் பச்சை நிறக் கூழில்) கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா வளர்ந்து காரத்தை உண்டாக்கும். அதனால் ஊடகத்தின் பச்சை நிறம் நீலமாகும். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா இருந்தால், அது காற்றுள்ள சூழலில் சிட்ரேட்டைச் செல்லுக்குள் கொண்டுசெல்ல இயலாததால், ஊடகம் பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும்.

ஆய்வகத்தில் பொய்யான நீலத்துக்குக் காரணம் பெரும்பாலும் சோதனை செய்பவரின் கைத்தவறுதான். பாக்டீரியாவைச் சத்துத் திரவத்தில் வளர்த்த குழம்பு வளர்ப்பிலிருந்து எடுத்தால் அதன் சத்தும் கூடவே வரும். கனமாகப் பூசினால் இறந்த செல்களே உணவாகிவிடும். குழாய் மூடியை இறுக்கினாலோ, காற்றின்றி, உண்மையான நீலமும் தோன்றாது. 18 முதல் 24 மணி நேர வளர்ப்பை ஊசிமுனையால் தொட்டு, குழாயில் சாய்வாக உறையவைத்த ஊடகத்தின் மேற்பரப்பில் மெல்லிய கோடாக இழுத்து, 35–37 டிகிரி செல்சியஸில் 4 நாள் வரை பார்க்க வேண்டும். பாக்டீரியா வகையை அறிய உதவும் இண்டோல், மெத்தில் சிவப்பு, வோகஸ்-புரோஸ்காயர் ஆகிய மற்ற சோதனைகளின் முடிவுகளோடு சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். சோதனை தொடங்கி எத்தனை மணி நேரத்தில் நிறம் பார்க்கப்பட்டது என்பதையும் ஆய்வக அறிக்கைகளில் குறிப்பிடலாம்.