பேரனுக்குப் பெயர் தேடும் மகனுக்கு

அன்பு அருள்,

நீ அனுப்பிய பட்டியல் வந்தது. பதினொரு பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே அர்த்தம். போனில் எழுத்து பொடிப்பொடியாக இருந்ததால் அம்மா அத்தனையையும் நோட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். எழுதி முடித்துவிட்டு, "எதைப் பார்த்தாலும் ஒளி, அமைதி, வெற்றி, இந்த மூணுக்குள்ளேயே சுத்துதே" என்றாள். எனக்கும் சந்தேகம் தட்டியது. அகராதியை இறக்கிவைத்து உட்கார்ந்தேன். பணி ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

முதல் பெயர் ஆரவ். எதிரே 'அமைதியானவன்' என்று போட்டிருக்கிறது. வடமொழியில் 'ஆரவ' என்றால் கூச்சல், ஓலம். 'அரவம் காட்டாமல் வந்தான்' என்கிறோமே, அந்த அரவத்துக்குச் சொந்தக்காரன். ராத்திரி இரண்டு மணிக்கு அவன் வீறிடும்போது யார் சொன்னது சரி என்று உனக்கே தெரிந்துவிடும். ரித்விக் என்பதற்கு 'ஞானி'யாம். வேள்வி நடத்திவைக்கும் புரோகிதருக்குத்தான் அந்தப் பெயர். கொத்தனார், தச்சர் என்பது போலத் தொழிலைச் சொல்லும் சொல். வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பட்டியல் போடுகிறவர்கள் காசு கொடுத்து வாங்குகிற பொருளுக்கு ஒட்டுகிற லேபிள் மாதிரி அர்த்தத்தை ஒட்டிவிடுகிறார்கள். அதை நம்பி முடிவெடுக்காதே, அவ்வளவுதான்.

கவினுக்கு மட்டும் சரியாகப் போட்டிருக்கிறது. அழகு. சுத்தமான தமிழ்ச்சொல். அங்கே வெளிநாட்டில் இருப்பவர்கள் அவனைக் கெவின் என்றுதான் கூப்பிடுவார்கள் என்று மருமகள் கவலைப்பட்டாளாமே. கூப்பிடட்டும். கெவின் என்பது ஐரிஷ் மொழிப் பெயர். அதன் முதல் பாதிக்கும் அழகு, மென்மை என்றுதான் பொருள். இரண்டு மொழிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, தற்செயலாக அமைந்தது. தப்பாகக் கூப்பிட்டாலும் பொருள் கெடாத பெயர் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பிறப்புப் பதிவேட்டில் எத்தனை வருஷம் பெயர் எழுதினேன்! சேர்ந்த புதிதில் பையன்களின் பெயரெல்லாம் 'ன்' என்றே முடியும். முருகன், செல்வன், மணிவண்ணன். கடைசி வருஷங்களில் ஷ், க், த் என்று வேறு மெய்யெழுத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. 'னஃகான் ஒற்றே ஆடூஉ அறிசொல்' என்கிறது தொல்காப்பியம். ஈற்றில் ன் வந்தால் ஆண் என்று தெரிந்துகொள். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று கீறி வைத்திருக்கிறார்கள். எகிப்தில் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்று ஒரு பழைய துறைமுகம். அங்கே கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்று தமிழ் எழுத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் மெய்யெழுத்தை இரட்டிக்காமல் எழுதுவது வழக்கம். கண்ணன், சாத்தன் என்று படிக்க வேண்டும். ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முன்பு கடல் தாண்டிப் போனவன் தன் பானையில் தன் பெயரைக் கீறியிருக்கிறான். ஹாஸ்டல் டம்ளரில் நீ ஆணியால் கீறினாயே, அதே மாதிரி.

கண்ணன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒருநாள் ஒரு பாட்டியும் அவர் மகனும் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்கள். குழந்தை பிறந்து பத்து மாதம், பெயர்க் கட்டம் காலியாகவே இருந்தது. 12 மாதத்துக்குள் வந்தால் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை சேர்க்கலாம். பேனாவைத் திறந்தேன். பாட்டி "கருப்பன்" என்றார். மகன் "கிருஷ்ணன்னு எழுதுங்க சார்" என்றான். கருப்பன் என்றால் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களாம். பாட்டிக்குக் கண்ணில் தண்ணீர். கடைசியில் மகன் சொன்னதையே எழுதினேன். அப்போது எனக்கு இது உறைக்கவில்லை: கிருஷ்ண என்ற சொல்லுக்கே கருப்பு என்றுதான் பொருள். அது பிராகிருதத்தில் கண்ஹ ஆகி, நம்மிடம் கண்ணன் ஆனது. கண்ணழகு என்பதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது. மாயோன் என்றாலும் கரியவன். நாலும் ஒரே நிறம், ஆனால் ஒன்றைச் சொன்னால் மட்டும் சிலருக்கு நெற்றி சுருங்குகிறது. அந்த அர்த்தம் எந்த அகராதியிலும் கிடையாது. இன்றைக்கென்றால் அந்தப் பாட்டியிடம், "நீங்க சொன்னதைத்தாம்மா எழுதியிருக்கேன்" என்று சொல்லியிருப்பேன்.

நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். உன் பெயர் அருளப்பன், உன் தாத்தாவின் பெயர். எபிரேயத்தில் யோகனான், அதாவது கடவுள் அருள் கூர்ந்தார். அதுவே யோவான், ஜான், ஹுவான், இவான், ஷான் என்று ஊர் ஊராக உருமாறியது. தமிழுக்கு வந்தபோது நம் முன்னோர் ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்து அருளப்பர் என்றார்கள். பவுல் என்றால் லத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். சூசைக்குக் கதை வேறு. அது போர்த்துகீசியர் வாயிலிருந்து வந்த ஜோசேவின், அதாவது ஜோசப்பின், ஒலி. வீரமாமுனிவருக்கு ஒலி மட்டும் போதவில்லை போலிருக்கிறது. எபிரேயத்தில் அந்தப் பெயருக்குப் 'பெருகச் செய்வார்' என்று பொருள், அதைப் பிடித்துத் தேம்பாவணியில் வளன் என்று வைத்தார். வளன்! எனக்கு அதன் மேல் ஒரு கண் உண்டு. சொல்லிவிட்டேன், கட்டாயமில்லை.

உன்னோடு படித்த சிக்கந்தர் எப்படி இருக்கிறான்? அலெக்சாண்டர் என்ற கிரேக்கப் பெயரின் முதல் 'அல்'லை அரபியில் பெயருக்கு முன்னால் வரும் அடைச்சொல் என்று எண்ணிக் கழற்றிவிட்டார்கள். மிச்சம் இஸ்கந்தர், பிறகு சிக்கந்தர். அவனிடம் சொல், சிரிப்பான்.

என் பெயர் பற்றி எனக்கே ஐம்பது வயதில்தான் தெரிந்தது. சவரிமுத்து என்பதில் முத்து நம்முடையது. சவரி என்பது சவேரியார், அதாவது புனித சேவியர். 1542-இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறைக் கரையில் நடந்தவர். சேவியர் என்பது அவர் பிறந்த கோட்டையின் பெயர், ஸ்பெயினில் நவார் பகுதியில் இருக்கிறது. பாஸ்க் மொழியில் 'எச்செ பெரி' என்பது மருவி அப்படி ஆயிற்று. பொருள் என்ன தெரியுமா? புது வீடு. வாடகை வீட்டிலேயே முப்பது வருஷம் ஓட்டியவனுக்குப் பெயர் புது வீடு! அம்மாவிடம் சொன்னேன், "பேருலயாவது கட்டினீங்களே" என்றாள்.

என் பெயரை வைக்கவில்லை என்று வருத்தப்படுவேனோ என்று கேட்டிருந்தாய். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பெயரைச் சுமப்பவன். ஆனால் உனக்கு மறந்துபோன ஒன்று உண்டு. அந்த நாட்டுப் படிவத்தில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் நீ என்ன எழுதினாய்? இனிஷியலை விரித்து சவரிமுத்து என்று எழுதினாய். அவர்கள் அதை வம்சப் பெயர் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நீ என்ன பெயர் வைத்தாலும் அவன் பின்னால் புது வீடும் முத்தும் வரும். இன்னொரு தடவை முன்னாலும் எதற்கு?

பெயர் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு மட்டும்தான் போகும் என்றும் நினைக்காதே. பிசிராந்தையார் பாட்டு பள்ளியில் படித்திருப்பாய், வயதாகியும் நரைக்காததற்குக் காரணம் சொல்வாரே, அவர்தான். (முதல் காரணமே மனைவியும் மக்களும் என்கிறார். எனக்கு நரைத்ததே நீ ஸ்கூலில் சேர்ந்த பிறகுதான்.) பிசிர் அவர் ஊர். ஆந்தை என்பது பறவை இல்லை. ஆதன் தந்தை என்பதுதான் சுருங்கி ஆந்தை ஆகிறது. பூதன் தந்தை பூந்தை. இப்படிச் சுருங்குவதற்குத் தொல்காப்பியத்தில் தனி விதியே இருக்கிறது. ஆக, அந்தப் பெரிய புலவரை நாம் இன்றுவரை அவர் பிள்ளை பெயரால்தான் அறிகிறோம். சொந்தப் பெயர் போன இடம் தெரியவில்லை.

நம் வீட்டில் மட்டும் என்ன? கல்யாணமான புதிதில் அம்மா என்னை "இந்தாங்க" என்பாள். நீ பிறந்த நாளிலிருந்து "அருளு அப்பா". இந்தக் கடிதம் எழுதும்போதுகூட அடுப்படியிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள்.

அதனால் ஒன்று செய். அர்த்தத்தை ஓரமாக வைத்துவிட்டு, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரின் பின்னாலும் 'அப்பா' சேர்த்து மருமகளைச் சத்தமாகக் கூப்பிடச் சொல். ஆரவ் அப்பா, ரித்விக் அப்பா, கவின் அப்பா. நீ பக்கத்து அறையில் உட்கார்ந்து கேள். எதற்குத் திரும்பிப் பார்த்தாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அருளு அப்பா