சிமிட்டாத கண்களுக்கும் சேவை வேண்டும்

ஆசிரியருக்கு,

செயற்கை நுண்ணறிவு மாற்றுத்திறனாளிகளின் சிரமங்களைத் தீர்த்துவிட்டதாகப் பலரும் எழுதுகிறார்கள். பார்வையற்றவனான நான் அதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். ‘சீயிங் ஏஐ’, ‘பீ மை ஐஸ்’ போன்ற செயலிகள் எதிரே இருக்கும் பொருளை விவரிக்கின்றன, அச்சிட்ட எழுத்தை வாசித்துக் காட்டுகின்றன. வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் படத்தில் புடவையின் நிறத்தைக்கூட இப்போது பிறரைக் கேட்காமலே அறிந்துகொள்கிறேன்.

ஆனால், வங்கிக் கணக்கு தொடங்க முகத்தைச் சரிபார்க்கும் மென்பொருள் ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்கிறது. அமில வீச்சில் இமைகள் சிதைந்தவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. இணையவழிச் சேவைகளை அணுகுவதும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும் என்பதும் அதில் உண்டு.

இன்னொன்று. கணினியில் தட்டச்சு செய்த சுற்றறிக்கையை அச்சிட்டு, கையொப்பமிட்டு, ஸ்கேன் செய்து படமாக வலையேற்றும் வழக்கம் அலுவலகங்களில் இன்னும் ஒழியவில்லை. திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் அங்கே ஊமையாகிவிடுகிறது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளோ தேதியையும் தொகையையும் தப்பாகப் படித்துவிட்டுத் தயக்கமே இல்லாமல் சொல்லும். மூலக் கோப்பை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் அப்படியே ஏற்றினால் எந்த நுண்ணறிவும் தேவைப்படாது! துறைகள் முதலில் இதைச் செய்யட்டும். புதிய செயலிகளை வெளியிடுமுன் எங்களிடம் கொடுத்துச் சோதிக்கட்டும்.

– ஒரு வாசகர், திருச்சி