ஒன்பது ஐந்துக்கு நின்றுபோன பாலம்

இஸ்தான்புல்
நவம்பர் 14

அன்புள்ள மணி,

நலமா? கண் ஆபரேஷனுக்குப் பிறகு வெயிலில் கூசுகிறது என்றாயே, இப்போது பரவாயில்லையா? சொட்டு மருந்தை விடாமல் போடு. இதைப் படிக்கச் சிரமமாக இருந்தால் பேத்தியை வாசித்துக் காட்டச் சொல்.

நாங்கள் இங்கே வந்து எட்டு நாள் ஆகிறது. உன் தங்கச்சி மசூதி, அரண்மனை, கடைத்தெரு எல்லாம் பார்த்து முடித்துவிட்டாள். நான் பாதி நேரம் ஒரே பாலத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அதை உனக்குத்தான் எழுத வேண்டும். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

புறப்படும்போது மாப்பிள்ளை தன் ஃபியூஜி கேமராவைக் கையில் கொடுத்து அனுப்பினார். ஜூம் கிடையாது. நம் பழைய ஃபிலிம் கணக்கில் சொன்னால் 35 மில்லிமீட்டர் லென்ஸ். ஆள் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் நாம்தான் கிட்டே போக வேண்டும். உன் ஸ்டுடியோ இருட்டறையில் ஹைப்போ வாசத்தில் எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறேன்! ஆனால் தெருவில் இறங்கி, முன்பின் தெரியாதவர்களைப் படம் எடுத்ததே இல்லை. இந்த ஊரில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது.

நாங்கள் தங்கியிருப்பது சிர்கேஜியில். பத்து நிமிட நடையில் கலத்தா பாலம். பழைய பாலம் 1992இல் தீப்பிடித்த பிறகு, இப்போதிருக்கும் பாலத்தை 1994இல் கட்டி முடித்திருக்கிறார்கள். நடுவே டிராம், கார்கள். கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக் கடைகள். மேலே இரண்டு பக்கக் கைப்பிடி ஓரமும் விடிந்ததிலிருந்து தூண்டில்காரர்கள். நவம்பரில் இங்கே காலை ஏழரைக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்க்கிறது. கிழக்குப் பக்கம் நிற்பவர்கள் எல்லோருக்கும் பின்னால் எதிர்வெளிச்சம். தூண்டில் தங்கூசி ஒவ்வொன்றும் தனித்தனியாக மினுங்கும். நீ பார்த்திருந்தால் காலைச் சாப்பாட்டையே மறந்திருப்பாய்.

கேமராவில் லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் வேகம் 1/250 நொடி வைத்து, ஃபோகஸை இரண்டரை மீட்டரில் நிறுத்திவிட்டேன். ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை எல்லாமே தெளிவாக விழும். கருவியில் குறையே இல்லை. எனக்குத்தான் கை வரவில்லை. முதல் இரண்டு நாளும் வெறும் முதுகுகளாக எடுத்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் பாலத்து முனையில், எள்ளு தூவிய வளைய ரொட்டி விற்கிற ஒரு பெரியவரைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தேன். பார்த்துவிட்டார். கிட்டே வந்து, கேமராவை விரலால் தட்டி, "ஸில்" என்றார். அழி என்று அர்த்தமாம். அவர் கண்ணெதிரேயே அழித்துக் காட்டினேன். சரி என்று தலையசைத்துவிட்டு வண்டிக்குத் திரும்பினார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை மணி. அது அவர் பிழைப்பு நடக்கிற இடம். கேட்காமல் கொள்ளாமல் உள்ளே போனவன் நான்.

அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. நீ முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. சாவு வீட்டுக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டால் எப்படிப் போவாய் என்று ஒருநாள் கேட்டேன். "பையைத் திண்ணையில வச்சுட்டு, உள்ள போயி, அஞ்சு நிமிசம் மத்தவங்களோட சும்மா நிப்பேன். அப்புறந்தான் கேமராவை எடுப்பேன்" என்றாய். அது சாவு வீட்டுக்கான மரியாதை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். படத்துக்கும் அதுதான் வழி என்று இங்கே வந்துதான் தெரிந்தது.

மறுநாள் கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு போனேன். வேலை செய்கிறவரைப் பார்த்தால் "கோலாய் கெல்சின்" என்று சொல்ல வேண்டும் என விடுதிப் பையன் கற்றுக்கொடுத்திருந்தான். வேலை சுலபமாக வரட்டும் என்று பொருள். எவ்வளவு நல்ல வார்த்தை பார்! ஆபி என்றால் அண்ணன், அப்லா என்றால் அக்கா. தெரியாத ஆளையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய தெம்பு. நம் வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் போய் "கோலாய் கெல்சின், ஆபி" என்றேன். நகர்ந்து இடம் விட்டார். அவ்வளவுதான், ஒரு மணி நேரம் நின்றேன். ஒரே தங்கூசியில் ஆறேழு முள். ஒவ்வொரு முள்ளிலும் குட்டி வெள்ளை இறகு. இரையே வேண்டாம், இறகைப் பார்த்தே மீன் கவ்விவிடுகிறது. இஸ்தாவ்ரித் என்று பெயர், நம்மூர் சாளை அளவுதான் இருக்கும். இடது கைக் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தார். அந்தத் துணியால் மீனைப் பிடித்து, முள்ளை ஒரு திருப்புத் திருப்பித் தயிர் டப்பாவில் போடுவார். கண் மட்டும் தண்ணீரை விட்டு எடுக்கவே மாட்டார்.

அதற்கு அடுத்த நாள் நவம்பர் 10. அவர் பக்கத்திலேயே, இந்தத் தடவை கேமரா கழுத்தில். ஒன்பது ஐந்துக்கு ஊரெங்கும் சைரன் அலறியது. ஏதோ ஆபத்து என்று நினைத்து, கை தானாகவே ஒரு படம் எடுத்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் பாலம் மொத்தமும் நிற்கிறது. கார்களை அப்படியே நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து இறங்கி நிற்கிறார்கள். படகுகள் எல்லாம் ஹாரன் ஊதுகின்றன. பக்கத்தில் நம் ஆள் தூண்டிலைச் சாய்த்து வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அப்போதுதான் புரிந்தது. துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் 1938இல் இதே நாள், இதே நேரம் தோல்மாபாச்சே அரண்மனையில் இறந்தார். வருடா வருடம் நாடே இப்படி நிற்கிறதாம். கேமராவை இறக்கிவிட்டு நானும் நின்றேன். கைப்பிடிக்கு வெளியே தொங்கிய தங்கூசியில் இரண்டு மீன் துடித்துக்கொண்டிருந்தன. யாரும் இழுக்கவில்லை.

சைரன் ஓய்ந்ததும் எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கிவிட்டது.

ராத்திரி அந்த ஒரு படத்தைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற நாள் கூட்டத்துக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. 1/250இல் ஓடுகிறவனும் நிற்கத்தான் செய்வான்! அவர்கள் தாங்களாக நின்றது படத்தில் இல்லை. 1/8 அல்லது 1/4 வைத்து, கேமராவைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி எடுத்திருந்தால், கடற்காக்கைகள் கலங்கி, மனிதர்கள் மட்டும் கல்லாக விழுந்திருப்பார்களோ? நாலு நாளாக இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. நீயாக இருந்தால் என்ன வைத்திருப்பாய்? கட்டாயம் எழுது.

பெயோலு பக்கம் ஆரா குலெர் என்ற புகைப்படக்காரர் பெயரில் ஒரு காபிக்கடை இருக்கிறது. அங்கே அவர் படங்களைப் பார்த்தேன். 1928இல் இந்த ஊரில் பிறந்து, 2018இல் இங்கேயே இறந்தவர். தன்னைக் கலைஞன் என்று சொல்லவிடாமல், பத்திரிகைப் புகைப்படக்காரன் என்றே சொல்லிவந்தாராம். படகோட்டி, மீன்காரர், சுமைகூலி என எல்லோரும் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். அவர்களோடு எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அந்தத் தூண்டில்கார அண்ணனை 11ஆம் தேதி எடுத்தேன். கேமராவைக் காட்டிக் கண்ணாலேயே கேட்டேன், தலையாட்டினார். முகம் பாதிதான் தெரியும். துணி சுற்றிய கட்டைவிரல்தான் படமே. சிர்கேஜியில் கேமராக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு பிரதி போட்டேன், மேட் தாளில். நீ பளபளப்புத் தாள்தான் சொல்லுவாய், தெரியும். ஒன்று உனக்கு. இன்னொன்றை நேற்று அவரிடம் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்து ஆளிடம் காட்டினார். பிறகு கைப்பெட்டியின் மூடிமேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு ஈயக்குண்டை அதன்மேல் வைத்துவிட்டு, மறுபடி தூண்டிலை வீசினார்.

20ஆம் தேதி ஊருக்கு வருகிறோம். உன் பிரதியைக் கையோடு கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ராஜு