'நீ' காணாமல் போன கதை

பார்ன்ஸ்லி,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

எட்டாம் வகுப்பில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "ஹீ இஸ், ஷீ இஸ் சரி. எதிரே நிற்பதும் ஒரே ஆள்தானே, அவனுக்கு மட்டும் ஏன் சார் யூ ஆர்?" "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்றீர்கள். வகுப்பில் நீங்கள் எனக்கு அப்பா இல்லை, சார். மேலே கேட்கப் பயம். பதில் இப்போதுதான் கிடைத்தது.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தா இருக்கிறார். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். பக்கத்து அறைக்காரரிடம் அவர் 'யூ' என்று சொல்லவே மாட்டார், 'தா' என்பார். "ஹவ்ஸ் தா?" டாக்டர் உள்ளே வந்தால் சட்டென்று 'யூ' ஆகிவிடும். பல் செட் சரியாகப் பொருந்தவில்லை போல என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, ஆள் பார்த்து நாம் நீ, நீங்கள் என்று மாற்றுகிறோமே, அதேதான் இது!

பழைய இங்கிலீஷில் ஒருவர் என்றால் 'தௌ', பலர் என்றால் 'யீ', 'யூ'. தாத்தா வாயில் வரும் 'தா', 'தீ' எல்லாம் அந்தத் தௌவின் வேறு வடிவங்கள்தான். 1066-இல் நார்மன்கள் நாட்டைப் பிடித்ததும் அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சுதான் ஆண்டது. பிரெஞ்சில் பெரிய மனிதரைப் பன்மையில்தான் கூப்பிட வேண்டும். 13-ஆம் நூற்றாண்டிலிருந்து அந்த வழக்கம் இங்கிலீஷுக்கும் தொற்றிக்கொண்டது. எஜமானுக்கு யூ, வேலைக்காரனுக்கு தௌ. ஆக 'யூ ஆர்' என்பது நம் 'வந்தீர்கள்' மாதிரி மரியாதைப் பன்மைதான்.

தௌ என்றால் எவ்வளவு உறைக்கும் தெரியுமா? 1603-இல் வின்செஸ்டரில், எலிசபெத் ராணியின் அரசவையில் செல்வாக்காக இருந்த சர் வால்டர் ராலே மீது ராஜதுரோக வழக்கு. அரசு வக்கீல் எட்வர்ட் கோக் அவரைப் பார்த்து, "உன்னை நீ என்றுதான் சொல்வேன், துரோகி!" என்று கத்தினார். அந்தச் சபையில் அது கன்னத்தில் அறைந்த மாதிரி. அதே நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் ஆரம்பித்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், கடவுள் முன்னால் எல்லாரும் சமம், நீதிபதியானாலும் தௌதான் என்று நின்றார்கள். தொப்பியையும் கழற்றவில்லை. அடியும் சிறையும்தான் கிடைத்தது.

கடைசியில் சமத்துவம் வேறு வாசல் வழியாக வந்தது. லண்டன் மாதிரி ஊரில் எதிரே வருகிறவன் யார், நாளைக்கு என்ன ஆவான் என்று யாருக்குத் தெரியும்? வம்பே வேண்டாம், எல்லாரையும் யூ என்றே சொல்லிவைப்போம் என்று பழகிவிட்டார்களாம். எல்லாரும் 'நீங்கள்' ஆனார்கள், 'நீ' செத்துப்போனது. இந்த யார்க்‌ஷயர் மாதிரி சில பக்கங்களில்தான் கொஞ்சம் மிச்சம். இங்கேயும் "என்னைத் தா போட்டுப் பேசாதே" என்று முறைக்கிறவர்கள் உண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், சர்ச்சில் சில பழைய ஜெபங்களில் கடவுளுக்கு இன்னும் தௌதான். அது ரொம்ப மரியாதையான சொல் என்று என்னோடு வேலை செய்யும் பெண் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் முருகனை 'நீ' என்றுதான் கூப்பிடுவோம் என்றேன். நம்பவில்லை.

மூன்று மாதமாக அந்தத் தாத்தாவுக்கு நான் 'யூ'தான். போன வியாழக்கிழமை காலில் கட்டு மாற்றி முடித்து எழுந்தேன். நாற்காலியைக் காட்டி, "சிட் தீ டவுன், லாஸ்" என்றார். உட்காரு, பிள்ளே. இன்னும் நாலு பேருக்கு மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் உட்கார்ந்தேன்.

உங்கள் அன்பு மகள்

பி.கு.: இதை அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். அம்மா, தைலத்தோடு நிறுத்தாதே, டாக்டரைப் போய்ப் பார். நீ போனாயா இல்லையா என்று அப்பாவிடம்தான் கேட்பேன்.