கோழி எச்சத்தையும் பார்த்துச் சொல்லுங்கள்

கால்நடை மருத்துவர்களுக்கு வணக்கம்.

புறக்கடையில் பத்துப் பன்னிரண்டு கோழி வளர்ப்பவர்கள் குடற்புழு நீக்கம் பற்றிக் கேட்டால், ஒரு மருந்தின் பெயரும் ‘மூணு மாசத்துக்கு ஒரு தடவை கொடுங்க’ என்ற பதிலும்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. மாட்டுச் சாணத்தைப் பரிசோதிப்பதைப் போலக் கோழி எச்சத்தையும் பரிசோதித்துவிட்டு மருந்து எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கோழி மெலிகிறது, கொண்டை வெளுக்கிறது, முட்டை குறைகிறது. புழுவாக இருக்கலாம், பேனோ உண்ணியோ தீவனக் குறைவோ ஆகவும் இருக்கலாம். குஞ்சுகளைக் கொல்லும் ரத்தக்கழிச்சலுக்குக் காரணம் புழுவே அல்ல, ஓரணு உயிரி. அதற்குப் புழு மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் குஞ்சுகள்தான் போகும்.

சரி, புழுதான் என்றே வைத்துக்கொள்வோம். எந்தப் புழு? பைப்பரசின் என்ற மருந்து பெரிய உருண்டைப்புழுவை வெளியேற்றும். முடிப்புழுவிடமும் நாடாப்புழுவிடமும் அது பலிக்காது. எச்சத்தை அடர்ந்த உப்புக்கரைசலில் கலக்கி வைத்தால் புழு முட்டைகள் மேலே மிதந்து வரும். நுண்ணோக்கியில் பார்த்தால், இரு முனையிலும் மூடி வைத்தது போலிருக்கும் முடிப்புழு முட்டை தனியாகத் தெரிந்துவிடும். நாடாப்புழு மட்டும் இதில் சிக்காமல் போகலாம். புது எச்சத்தில் அதன் வெள்ளைத் துணுக்குகள் இருக்கின்றனவா என்று நாங்களே பார்த்துச் சொல்கிறோம்.

புழு முட்டை ஒன்றிரண்டு தென்பட்டு, கோழி நன்றாக மேய்ந்துகொண்டிருந்தால் ‘இப்போதைக்கு மருந்து வேண்டாம்’ என்று தயங்காமல் சொல்லுங்கள். வளர்ந்த கோழி ஓரளவு தாங்கும். மூன்று மாதத்துக்கு உட்பட்டவைதான் அதிகம் துவளும். தேவையில்லாமல் அடிக்கடி கொடுத்தாலும், எடை பார்க்காமல் குறைத்துக் கொடுத்தாலும், மருந்துக்கு அடங்காத புழுக்களே மிஞ்சிப் பெருகும்.

மருந்து தேவை என்றால், எடைக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதிக் கொடுங்கள். தண்ணீரில் கலப்பதா, வாயில் ஊற்றுவதா என்பதையும் சொல்லுங்கள். நோஞ்சான் கோழி தண்ணீரே சரியாகக் குடிக்காது. அப்புறம், எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது? மருந்துக்கு மருந்து இது மாறும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முட்டை. இதை ஊகத்தில் விட முடியாது.

மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து எச்சத்தை மறுபடி கொண்டுவருகிறோம். புழு போயிற்றா என்று அப்போதும் பார்த்துச் சொல்லுங்கள்.