ரோட்டோரம் இறக்கிய பொருளுக்கு யார் காவல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் ஏழு பேர்ச் காணியில் சொந்த வீடு கட்டும் குடும்பங்கள் கூடிவருகின்றன. சீமெந்து போய்விட்டது, கம்பி போய்விட்டது என்ற முறைப்பாடும் கூடவே கேட்கிறது. வீட்டுத் திட்டம் கட்டம் கட்டமாகத் தரும் தவணைப் பணத்தில் கட்டுகிறவருக்குப் பத்துப் பை சீமெந்து போனால் அடுத்த தவணைக்குக் காட்ட வேண்டிய மட்டத்துக்குச் சுவர் ஏறாது. வேலை அப்படியே நின்றுவிடும்.

எல்லோரும் பொருள் வைக்கும் கொட்டிலின் பூட்டைப் பற்றியே பேசுகிறார்கள். நம் பக்கத்தில் பல வேளை பொருள் கொட்டிலுக்குப் போய்ச் சேரும் முன்பே களவு போகிறது. லொறி காணிவரை இறங்காது. மேல் ரோட்டில் இறக்கிவிட்டு, படிக்கட்டு வழியாகவும் தேயிலை நிரைகளுக்கு நடுவாகவும் தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டும். லொறி பின்னேரம் நான்கு மணிக்கு வந்தால், தோட்ட வேலை முடிந்து ஆட்கள் வந்து சுமக்கத் தொடங்கும்போதே பனிமூட்டம் இறங்கி இருட்டிவிடும். மிச்சம் விடியும்வரை ரோட்டோரத்தில் கிடக்கும். வாகனம் நிறுத்தும் இடத்திலேயே பொருள் இருந்தால் கள்ளனுக்குச் சுமக்கிற வேலையும் இல்லை.

ஆகவே ஞாயிறு அல்லது போயா நாளில் காலையிலேயே இறக்கச் சொல்லுங்கள். சுமக்க எத்தனை பேர் வருவார்கள் என்று பார்த்த பிறகே எத்தனை பை என்று சொல்லுங்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று எண்ண வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போன பிறகுதான் பில்லில் கையொப்பம். வீட்டுத் திட்டம் நடத்துவோரிடமும் ஒரு கோரிக்கை: லொறி வந்து நிற்கும் இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் கட்டும் குடும்பங்களுக்குப் பொதுவாகக் கற்சுவர் வைத்த ஒரு களஞ்சிய அறை கட்டிக்கொடுங்கள். முதல் வீட்டின் அத்திவாரம் வெட்டும் முன்பே அது இருக்க வேண்டும்.

மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று ஒரே தடவையில் எல்லாச் சீமெந்தையும் இறக்குவது நம் சீதோஷ்ணத்துக்கு இரட்டை நட்டம். ஈரத்தில் பை இறுகும். மூன்று மாதம் கிடந்தால் வலுவும் குறையும். அடுத்தடுத்த சில நாள் வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, நிலத்திலிருந்து ஆறு அங்குலம் உயர்ந்த பலகையில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். பத்துப் பைக்கு மேல் உயரம் வேண்டாம். வெற்றுப் பைகளை அன்றன்றே எண்ணிக் கட்டிவையுங்கள். காலை இருப்பில் மாலை இருப்பைக் கழித்தால் வரும் எண்ணிக்கைக்கு வெற்றுப் பை இல்லையென்றால், பை முழுதாகவே வெளியே போயிருக்கிறது. மேசன் பாஸ்மாரைச் சந்தேகிக்கும் பேச்சுக்கே இடமில்லாமல் இந்த எண்ணிக்கை அவர்களையும் காப்பாற்றும்.

ஆறு மீற்றர் நீளமான 10 மி.மீ. கம்பி ஒன்று ஏறக்குறைய 3.7 கிலோ, 12 மி.மீ. கம்பி 5.3 கிலோ. ஒரு ஆள் பத்துக் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விடலாம். நேராகக் கிடக்கும் கம்பிக் கட்டுகளைச் சங்கிலியால் சுற்றினால் போதாது, ஒவ்வொன்றாக உருவிவிடலாம். வந்த மறுநாளே அளவுக்கு வெட்டி, வளைத்து, தூண் கூடாகக் கட்டிவிடுங்கள். அதைத் தூக்கவும் சிரமம், விற்றாலும் பழைய இரும்பு விலைதான். மீதிக் கம்பிகளின் இரு முனையிலும் ஒரே நிறப் பெயின்ற் பூசுங்கள். வேறெங்காவது கண்டால் அடையாளம் சொல்லலாம்.

மணலில் ஓர் எச்சரிக்கை. சரிவில் குவித்த மணலை மழை கொண்டுபோவதையும் களவென்று நினைத்து அயலாரோடு சண்டை பிடிக்கிறார்கள். மூன்று பக்கமும் கல் அடுக்கி, படங்கு விரிப்பால் மூடிவிட்டுப் பிறகு கணக்குப் பாருங்கள். மழை இல்லாத இரவுகளில் மேலே சுண்ணாம்புத் தூளைத் தூவிவைத்தால், அள்ளிய இடம் காலையில் தெரியும்.

கொட்டிலின் தகரத்தை வெளியிலிருந்து ஆணி அடித்தால் ஒரு அலவாங்கு போதும் கழற்ற. ஆணி நுனியை உட்புறம் மடக்கி அடியுங்கள். நாதாங்கிக்குத் திருகாணி வேண்டாம். பலகையை ஊடுருவும் போல்ற் போட்டு, நட்டை உள்ளே இறுக்குங்கள். கதவுப் பிணைச்சலின் ஊசி வெளியே இருந்தால் பூட்டை யாரும் தொடவே மாட்டார்கள், ஊசியைத் தட்டிக் கழற்றிவிட்டுப் போவார்கள்.

வயர் குழாய்களைச் சுவர் பூசும் முன் பதிக்கலாம். செப்பு வயரை, வீட்டுக்குக் கதவு பொருத்திப் பூட்டுப் போட்ட பிறகே இழுங்கள். பைப் முனைகளும் மலசலகூடச் சாமான்களும் கடைசி. தண்ணீர் மோட்டரை ஒவ்வொரு மாலையும் கழற்றி நீங்கள் குடியிருக்கும் லயத்துக்கே கொண்டுபோங்கள்.

கமரா வாங்குவோர் கவனிக்க: அதனுள்ளே இருக்கும் இரவு வெளிச்சம் பனிமூட்டத்தில் பட்டுத் திரும்புவதால் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். விளக்கைக் கமராவிலிருந்து சில அடி தள்ளிப் பொருத்தினால் ஓரளவு ஆள் தெரியும். மழைக்காலத்தில் சூரிய ஒளி விளக்கு விடியும்வரை தாங்காது.

பில்கள், மெஷின்களின் தொடர் இலக்கம், படங்கள் ஆகியவற்றைக் கட்டுமிடத்தில் வைக்காதீர்கள். களவு நடந்தால் எதையும் தொடாமல், ஒழுங்குபடுத்தாமல், அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். “கொஞ்சம் கம்பி” என்று எழுத விடாதீர்கள். எத்தனை மில்லிமீற்றர், எத்தனை துண்டு, முனையில் என்ன நிறம் என்று எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்,
கொட்டகலை