கொழுப்பு கூடியவர்களுக்கும் முட்டைக் கட்டுரையில் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் முட்டையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மாரடைப்புக்குப் பயந்து பல வருடங்களாக முட்டையைத் தொடாமல் இருப்பவர்களுக்கு அது தெம்பு தரும். அதன் பெரும்பகுதியை நானும் ஏற்கிறேன். ஆனால் முட்டைக்கும் ரத்தக் கொலஸ்ட்ராலுக்கும் சம்பந்தமே இல்லை, யாரும் தாராளமாகச் சாப்பிடலாம் என்று கட்டுரை முடிந்த விதத்தை ஏற்க முடியவில்லை. நான் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு எல்டிஎல்லோ (ரத்தக்குழாயில் படியும் 'கெட்ட' கொலஸ்ட்ரால்) டிரைகிளிசரைடோ (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) ஏற்கெனவே கூடியிருக்கும். அந்த முடிவு தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

கட்டுரையாளர் சொன்ன வரலாறு சரிதான், பாதியில் நின்றுவிட்டது. 1968இல் அமெரிக்க இதய சங்கம், உணவில் கொலஸ்ட்ரால் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்றது. ஒரு பெரிய முட்டையில் சுமார் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது, அத்தனையும் மஞ்சள் கருவில். அதனால் முட்டைக்குத்தான் முதல் அடி விழுந்தது. பிறகு 2015-2020க்கான அமெரிக்க உணவு வழிகாட்டி அந்த 300 என்ற வரம்பை எடுத்துவிட்டது. அது உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் உணவுக் கொலஸ்ட்ராலை முடிந்தவரை குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் அதே வழிகாட்டியில் இருந்தது. இது யார் காதிலும் விழவில்லை.

2019இல் அமெரிக்க இதய சங்கமே வெளியிட்ட அறிவுரையைப் பாருங்கள். ஆரோக்கியமானவர்கள் நல்ல உணவுமுறையோடு தினமும் ஒரு முழு முட்டை சாப்பிடலாம் என்கிறது. கொலஸ்ட்ரால் சரியாக இருக்கும் முதியவர்களுக்கு இரண்டு வரை கூட அனுமதிக்கிறது. ஆனால் ரத்தக் கொழுப்பு கூடியவர்கள், அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்கள், கொலஸ்ட்ரால் மிகுந்த உணவுகளில் கவனமாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்கிறது. நம் கட்டுரையில் முதல் பாதி வந்தது, இந்தப் பாதி வரவில்லை.

ஏன் இவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உடம்புக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே தயாரித்துக்கொள்கிறது, அதில் கல்லீரலுக்கு முக்கிய இடம். சாப்பாட்டில் அதிகம் வந்தால் கல்லீரல் தன் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும். இந்தச் சமாளிப்பு நன்றாக நடக்கிறவர்களுக்கு ஒரு முட்டையால் ரத்த அளவு பெரிதாக மாறாது. ஆனால் எல்லாருடைய உடம்பும் ஒரே மாதிரி சமாளிப்பதில்லை. குடலுக்கு வரும் கொலஸ்ட்ராலில் சிலர் கால் பங்கைக் கூட உறிஞ்சுவதில்லை, சிலர் முக்கால் பங்குக்கு மேல் உறிஞ்சிவிடுகிறார்கள். தினமும் 25 முட்டை சாப்பிட்டும் கொலஸ்ட்ரால் இயல்பாகவே இருந்த 88 வயது முதியவரைப் பற்றி 1991இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. முட்டையைப் பற்றிப் பேச்சு வந்தால் அவரை உதாரணம் காட்டாதவர்கள் குறைவு. அதே கட்டுரை அவர் எப்படித் தப்பித்தார் என்பதையும் சொல்கிறது. அவர் குடல் உறிஞ்சியது 18 சதவீதம் மட்டுமே, மீதி வெளியே போய்விட்டது. உள்ளே போனதையும் கல்லீரல் பித்த அமிலமாக மாற்றித் தள்ளிக்கொண்டே இருந்தது. அது அவருக்கு வாய்த்த உடம்பு. அதை நம்பி அடுத்தவர் தட்டை நிரப்பக் கூடாது.

குடல் உறிஞ்சுவதைத் தடுக்க எசெடிமைப் என்று ஒரு மாத்திரையே இருக்கிறது. எல்டிஎல்லை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும். குடலுக்கு வரும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி பித்தநீர் வழியாக உடம்பிலிருந்தே வருவது, சாப்பாட்டிலிருந்து வருவது அதைவிடக் குறைவு. ஆகவே மஞ்சள் கருவை நிறுத்தினால் மாத்திரை அளவுக்குப் பலன் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. குடல் வழியாக ஏறுவது சிலருக்குக் கணக்கில் எடுக்கவேண்டிய அளவு இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

கொழுப்பு கூடியவர்களிடமே நடந்த ஆய்வுகளும் உண்டு. 2010இல் யேல்-கிரிஃபின் ஆய்வு மையத்தார், ரத்தக் கொழுப்பு கூடிய 40 பேரைத் தினமும் இரண்டு முட்டையோ, அதற்குப் பதில் மஞ்சள் கரு இல்லாத முட்டை மாற்று உணவோ ஆறு வாரம் சாப்பிடச் செய்தார்கள். முழு முட்டையால் ரத்தக்குழாய் விரியும் திறன் (குழாய் நலமாக இருப்பதற்கு இது ஓர் அடையாளம்) கெடவில்லை. 'முட்டையால் கெடுதல் இல்லை' என்று தலைப்பு வைக்க இது போதும். ஆனால் மாற்று உணவு சாப்பிட்டபோது அதே திறன் மேம்பட்டது, எல்டிஎல்லும் இறங்கியது. எல்டிஎல்லைக் குறைக்கப் போராடுகிற ஒருவருக்கு எந்த முடிவு உதவும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க முட்டை வாரியம். அதனால் மட்டும் ஓர் ஆய்வு பொய்யாகிவிடாது, ஆனாலும் வாசகருக்குத் தெரியவேண்டிய தகவல்.

பயமுறுத்துவதும் எனக்குப் பிடிக்காது. ஒரு பெரிய முட்டையில் நிறைவுற்ற கொழுப்பு (வெண்ணெய், சீஸ் போன்றவற்றில் மிகுந்திருக்கும் வகை) ஒன்றரை கிராமுக்குச் சற்று அதிகம். அதைப் பொரிக்க ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் போட்டால் அதிலேயே ஏழு கிராம் வந்துவிடும். எல்டிஎல்லை ஏற்றுவதில் உணவுக் கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பங்கு அதிகம். முட்டையை விட்டுவிட்டேன் என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு வெண்ணெயும் சீஸும் பதப்படுத்திய இறைச்சியுமாகச் சாப்பிடுகிறவர்களையும் பார்க்கிறேன். அவர்களுக்கு முட்டையை விட்டதால் லாபம் ஏதுமில்லை. வெள்ளைக் கருவில் கொலஸ்ட்ரால் கிடையாது, முட்டைப் புரதத்தில் பாதிக்கு மேல் அதில்தான். அதை யாரும் ஒதுக்கத் தேவையில்லை.

தனக்கு முட்டை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மற்ற சாப்பாட்டையும் மாத்திரையையும் மாற்றாமல், மஞ்சள் கருவை மட்டும் ஆறு வாரம் நிறுத்தி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அப்புறம் வழக்கம்போல் சாப்பிட்டு இன்னொரு ஆறு வாரம் கழித்து, அதே ஆய்வகத்தில் திரும்பப் பாருங்கள். எண்கள் எப்போதுமே கொஞ்சம் ஏறி இறங்கும், சின்ன வித்தியாசத்துக்குக் கலங்க வேண்டாம். எல்டிஎல் நன்றாக ஏறியிருந்தால் உங்கள் உடம்பு பதில் சொல்லிவிட்டது. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம், நேராக மருத்துவர் சொல்படி நடக்கட்டும்.

பரம்பரையாகவே எல்டிஎல் மிகக் கூடியவர்கள் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர் இருக்கிறார்கள். எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து எடுக்கும் ஏற்பிகள் இவர்களில் பெரும்பாலோருக்குப் பிறவியிலேயே குறை. அந்த ஏற்பிகளைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பரம்பரைக் குறை உள்ளவர்களுக்கு முட்டையை விட்டாலும் போதாது, மருந்து கட்டாயம் வேண்டும். முட்டையால் ஒன்றும் இல்லை என்று படித்துவிட்டு, அப்படியானால் மாத்திரையும் எதற்கு என்று நினைப்பவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். என் பெரிய கவலையே அதுதான்.

அடுத்த இதழில், கொழுப்பு கூடியவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அறிவுரை வேறு என்பதையும், மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்பதையும், முந்தைய கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உணவு ஆலோசகராகப் பணிபுரியும் ஒரு வாசகி